ஸ்பெயினில் முதல் ஆண்டு: புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு

ஸ்பெயின் என்றதும் காளைச் சண்டையும் ஃபிளமெங்கோ ஆட்டபாட்டமும் தக்காளித் திருவிழாவும் நினைவுக்கு வருகின்றன. இந்த மூன்றில் ஒன்றைக்கூட நேரில் பார்க்காமல் வாழ்நாளைக் கழித்த ஸ்பானியர்கள் ஏராளம். ஆனால் மதியம் பன்னிரண்டரைக்குப் பசியோடு உணவகத்துக்குள் நுழைந்து, "சமையற்கட்டு இன்னும் திறக்கவில்லை" என்ற பதிலைக் கேட்காமல் தப்பிய புதியவர் யாரும் இருக்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது. படிப்புக்கோ வேலைக்கோ போய் ஓராண்டாவது தங்கப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இவ்வளவு தேவைப்படாது.

முதல் படி: வயிற்றின் கடிகாரத்தை மாற்றுங்கள்

வரைபடத்தைப் பார்த்தால் மாட்ரிட் நகரம் லண்டனுக்கும் சற்று மேற்கே இருக்கிறது. ஆனால் அதன் கடிகாரம் பெர்லினோடு சேர்ந்து ஓடுகிறது. 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. கோடைக்கால நேரமும் சேரும்போது மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டே காலுக்கு மேல்தான். ஜூன் இறுதியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். மேற்கு மூலையிலுள்ள கலீசியாவில் பத்து மணியையும் தாண்டும். ஸ்பானியர்கள் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்று ஐரோப்பாவின் மற்ற நாட்டவர்கள் கேலி செய்வார்கள். சூரியனைக் கேட்டால் அவர்கள் சரியான நேரத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

நாள் இப்படிப் போகும். காலையில் ஒரு காபியும் ஒரு துண்டு ரொட்டியும். பத்தரை, பதினொரு மணிக்கு இரண்டாவது காலை உணவு. அலுவலகத்திலிருந்து எல்லோரும் எழுந்து கீழே உள்ள பாருக்குப் போவார்கள். வலென்சியா வட்டாரத்தில் இது ஒரு சடங்கு போலவே நடக்கும், அரை முழ ரொட்டிக்குள் எதையாவது அடைத்துச் சாப்பிடுவார்கள். பிரதான உணவு மதியம் இரண்டிலிருந்து மூன்றரைக்குள். மாலை ஆறு மணிவாக்கில் 'மெரியெந்தா' என்ற சிற்றுண்டி. இரவு உணவு ஒன்பதுக்கு முன் கிடையாது, அதுவும் சிறியதாகவே இருக்கும். ஏழரைக்கே சாப்பிட்டுப் படுத்துப் பழகியவர்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். ஒரே வழி, மதிய உணவை வந்த முதல் நாளிலிருந்தே இரண்டரைக்குத் தள்ளிவிட்டு, மெரியெந்தாவைத் தவறவிடாமல் இருப்பது. மாலை ஆறரைக்கு முழு இரவு உணவு பரிமாறும் உணவகத்தைக் கண்டால் அது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படுவது என்று கொள்ளலாம்.

எல்லோரும் மதியம் தூங்குகிறார்கள் என்பது கட்டுக்கதை. பெரும்பாலோர் அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் மதிய இடைவெளி உண்மை. சிறு நகரங்களில் இரண்டு முதல் ஐந்து வரை கடைகள் மூடிக்கிடக்கும். அந்த நேரத்தில் யார் வீட்டுக்கும் தொலைபேசியில் அழைக்காமல் இருப்பது மரியாதை. ஞாயிற்றுக்கிழமை மாட்ரிட் போன்ற சில இடங்கள் தவிரப் பெரிய கடைகள் மூடியிருக்கும் என்பதால் மளிகையைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மருந்துக்கடைகள் மட்டும் முறைவைத்துத் திறந்திருக்கும். அன்று எது திறந்திருக்கிறது என்பதை மூடிய மருந்துக்கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். ஆகஸ்ட் மாதத்தில் எந்த அலுவலக வேலையும் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: காகிதங்களும் இரண்டு குடும்பப் பெயர்களும்

வாடகை வீடு கிடைத்தவுடன் நகராட்சியில் 'பத்ரோன்' என்ற வசிப்பிடப் பதிவைச் செய்துவிட வேண்டும். சுகாதார மையம், பள்ளிச் சேர்க்கை, பின்னாளில் குடியுரிமை என எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு தாள்தான். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் வருகிறவர்கள் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கும் 'சீத்தா பிரேவியா' என்ற முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை. இணையத்தில் நேரம் கிடைப்பது அரிது. வீடு தேடும்போதே அதையும் சேர்த்துத் தேடத் தொடங்குங்கள்.

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் பெயர்தான். ஒவ்வொரு ஸ்பானியருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு: வழக்கமாக முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. 2017 முதல் எதை முன்னால் வைப்பது என்பதைப் பெற்றோர் கூடி முடிவு செய்கிறார்கள். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. கணவன் மனைவி இருவருக்கும் கடவுச்சீட்டில் ஒரே குடும்பப் பெயர் இருந்தால் அலுவலர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் முறையை அவர்களின் படிவம் அறியாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் 'முருகேசன்' என்று உங்கள் தந்தையின் பெயர் இருந்தால், மருத்துவமனையில் உங்களை 'செனோர் முருகேசன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இடமே காலியாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பயணத்துக்கு முன்பே கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்வது நல்லது. ஸ்பானியப் படிவத்தில் இரண்டாவது குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடலாம். இணையப் படிவம் ஏற்காவிட்டால் நேரில் போங்கள். எதையாவது இட்டு நிரப்பாதீர்கள். பத்ரோன், வங்கி, அடையாள அட்டை, பல்கலைக்கழகம் என எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வணக்கம், வரிசை, உரத்த குரல்

அறிமுகமாகும்போது பெண்களுக்கிடையிலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் கன்னத்தோடு கன்னம் இருமுறை வைப்பது வழக்கம். உதடு படாது, ஒலி மட்டும் எழும். பெரும்பாலும் வலக் கன்னம் முதலில். அதாவது முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பி மூக்கை இடித்துக்கொள்வது அவர்களுக்குள்ளும் நடப்பதுதான். ஆண்களுக்கிடையில் கைகுலுக்கல், நெருங்கிய பிறகு முதுகில் தட்டி ஓர் அணைப்பு. இது கூச்சமாக இருந்தால் சற்றுத் தள்ளி நின்றபடியே முன்கூட்டிக் கையை நீட்டிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

லிஃப்டுக்குள் ஏறினாலும், மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தாலும், முன்பின் அறியாதவர்களுக்கும் 'புவெனோஸ் தியாஸ்' (காலை வணக்கம்) சொல்ல வேண்டும். சொல்லாதவர் முரட்டு ஆசாமி. மதிய உணவு சாப்பிடும் வரை அது காலைதான். ஒன்றரை மணிக்கும் 'புவெனோஸ் தியாஸ்' என்பார்கள். கிளம்பும்போது 'அஸ்தா லுவேகோ' (பிறகு பார்ப்போம்), மறுபடி பார்க்கவே போவதில்லை என்றாலும்.

சந்தையில் மீன்கடை முன்னால் கூட்டம் சிதறி நிற்கும், வரிசையே இல்லாதது போலத் தோன்றும். உண்மையில் வரிசை அவர்கள் தலைக்குள் இருக்கிறது. வந்தவுடன் 'கியென் எஸ் எல் உல்திமோ?' (கடைசி ஆள் யார்?) என்று கேளுங்கள். கடைசியாக வந்தவர் கையை உயர்த்துவார். இனி நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் ஒருவரைத்தான். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கையைத் தூக்க வேண்டும். இதை ஒருமுறை செய்துவிட்டால் அந்தச் சந்தையின் பாட்டிகள் உங்களை மறக்க மாட்டார்கள்.

பாரில் 'எனக்கு ஒரு காபி போடு' என்று ஏவல் வினையில் கேட்பது முரட்டுத்தனம் ஆகாது. தயவுசெய்து, மன்னிக்கவும், மிக்க நன்றி என்று அடுக்கினால்தான் வினோதமாகப் பார்ப்பார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சண்டை என்று நினைக்க வேண்டாம். 'ஒரு நாள் சந்திப்போம்' என்றால் அது அழைப்பு அல்ல. நாளும் நேரமும் இடமும் சொன்னால்தான் சந்திப்பு உறுதி. பெரும்பாலும் வீட்டுக்கு அழைக்க மாட்டார்கள், பாரில்தான் நட்பு வளரும். உங்கள் பிறந்தநாள் என்றால் நண்பர்களுக்கு நீங்கள் செலவழிக்க வேண்டும் என்பதையும் மாத வரவுசெலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மேசையில் உட்காருங்கள்

மலிவாகவும் நன்றாகவும் சாப்பிட 'மெனு டெல் தியா'வைப் பிடித்துக்கொள்ளுங்கள். வார நாள் மதியங்களில் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, பழமோ இனிப்போ, ரொட்டி, குடிக்க ஏதாவது ஒன்று என எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும். 1960களில் சுற்றுலாத் துறை அமைச்சகம் உணவகங்களின் மேல் சுமத்திய ஏற்பாடு இது. இன்று தொழிலாளியும் வழக்கறிஞரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார்கள்.

சைவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கவும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் பல உணவகங்களில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் மட்டுமே விலக்கப்படும். 'ஹமோன்' என்ற உப்புப் பன்றித் தொடையை ஒரு மணப்பொருளாகவே பார்க்கிறார்கள். 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற சாதாரண சாலட்டில் சூரை மீன் இருக்கும். பருப்புக் குழம்பு என்று ஆசையோடு கேட்டு வாங்கினால் அடியில் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். சால்மொரேஹோ என்ற தக்காளிக் குழைவின் மேல் முட்டையும் ஹமோனும் தூவியிருப்பார்கள். 'சின் கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ' (இறைச்சி, ஹமோன், மீன் எதுவும் வேண்டாம்) என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் காலத்து மாந்தேகாதோ, மயோர்க்காத் தீவின் என்சைமாதா போன்ற இனிப்புகள் மரபாகப் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுபவை. இந்த விஷயத்தில் ஏமாந்த சைவர்களும் முஸ்லிம்களும் நிறைய.

துணிந்து சாப்பிடக்கூடியவையும் உண்டு. ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய கத்தலோனியக் காலை உணவு, செவில் நகரத்துக் கீரைக் கொண்டைக்கடலை, கோர்தோபாவின் தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், பல காய்கள் வதக்கிய பிஸ்தோ. முட்டை உண்பவர்களுக்கு 'தோர்தியா' என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எந்த ஊரிலும் கிடைக்கும். அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது, பேச்சுக்கு ஆள் இல்லாதபோது அதைக் கிளப்பிவிடலாம். காரத்தை எதிர்பார்க்காதீர்கள். 'மிகவும் காரம்' என்று எச்சரித்துக் கொடுப்பது நம் வீட்டுக் குழந்தைகளைக்கூட அசைக்காது. பால் காபிக்கு 'கஃபே கோன் லெச்சே' என்று கேளுங்கள். பல பார்களில் சர்க்கரை சேர்த்து வறுத்த கொட்டையைக் கலப்பதால் காபி கறுத்துக் கசக்கும். சிக்கரிக்குப் பழகிய நாக்குக்கு அது பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

பயேயா வலென்சியாவின் அரிசி உணவு. அங்கே கோழியும் முயலும் அவரையும் போட்டு, ஞாயிறு மதியம், குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். இரவில் பயேயா கேட்பவரையும், அதில் சொரீசோ போடுபவரையும் வலென்சியாக்காரர்கள் மன்னிப்பதில்லை. கிரனாடாவில் பானம் வாங்கினால் தட்டில் 'தாப்பா' என்ற சிறு தின்பண்டம் ஒன்று இலவசமாக வரும். பார்சலோனாவில் ஒவ்வொன்றுக்கும் காசு. வடக்கே பாஸ்க் பகுதி ஊர்களில் ரொட்டித் துண்டில் குத்தியிருக்கும் குச்சிகளை எறியாமல் வையுங்கள், சில பார்களில் அவற்றை எண்ணித்தான் பில் போடுவார்கள்.

சாப்பிட்டு முடித்தபின் உடனே எழாதீர்கள். தட்டுகள் போன பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் 'சோப்ரெமேசா' ஒரு மணி நேரம் ஓடலாம். நட்பு, வேலை, வீட்டு வாடகை எல்லாம் அப்போதுதான் பேசப்படும். நீங்கள் கேட்காமல் பணியாளர் பில் கொண்டுவர மாட்டார். அது கவனக்குறைவு அல்ல, உங்களைத் துரத்தவில்லை என்று பொருள். டிப்ஸ் சில்லறைக் காசு போதும்.

ஐந்தாம் படி: எந்த ஸ்பெயின் என்று கேளுங்கள்

1978 அரசியல் சாசனத்தின்படி நாட்டில் 17 தன்னாட்சிப் பகுதிகள் இருக்கின்றன. கத்தலான், கலீசியன், பாஸ்க் மொழிகள் அவரவர் பகுதியில் ஸ்பானிய மொழியோடு சேர்ந்து ஆட்சி மொழிகள். பாஸ்க் மொழிக்கு உலகில் உறவுமொழியே கண்டறியப்படவில்லை. ஃபிராங்கோ ஆட்சியில் இம்மொழிகள் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டிருந்தன. நாடாளுமன்றக் கீழவையில் அவற்றில் தடையின்றிப் பேச 2023 செப்டம்பரில்தான் வழி பிறந்தது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊரிலிருந்து போகிற நமக்கு இதன் சூடு புரியும். கத்தலானைக் கிளைமொழி என்று சொல்லிவிடாதீர்கள். பார்சலோனாவில் 'பொன் தியா' என்ற கத்தலான் வணக்கத்தோடு தொடங்கிவிட்டுப் பிறகு ஸ்பானிய மொழியில் தொடர்ந்தாலும் முகம் மலரும். உள்நாட்டுப் போர், ஃபிராங்கோ, கத்தலோனியத் தனிநாடு ஆகியவற்றை முதல் சந்திப்பில் நீங்களாக எடுக்க வேண்டாம். அவர்கள் எடுத்தால் கேளுங்கள்.

ஆறாம் படி: விழா யாருடையது என்று தெரிந்துகொண்டு போங்கள்

எல்லாவற்றுக்கும் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பெரும்பாலான விழாக்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்: ஒரு தெரு, ஒரு சங்கம், ஒரு சகோதரக் குழு.

செவில் நகரில் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சகோதரக் குழுவும் தன் தேவாலயத்துச் சிலைகளைத் தலைமைத் தேவாலயம் வரை சுமந்து திரும்பும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள மேடையை, திரைக்கு உள்ளே ஒளிந்திருக்கும் சுமப்பவர்கள் பிடரியில் தாங்கி நகர்த்துவார்கள். முன்னால் ஒருவர் உலோகத் தட்டியை அடித்துக் கட்டளையிடுவார், அந்த ஒலிக்கு மேடை ஒரே துள்ளலில் எழும். கூம்புக் குல்லாயும் முகமூடியும் அணிந்து நடப்பவர்களைப் பார்த்து அமெரிக்க இனவெறிக் கும்பலோடு முடிச்சுப் போடாதீர்கள். இது அந்தக் கும்பலைவிடப் பல நூற்றாண்டு பழைய தவக்கோலம். செய்த பாவத்துக்கு வருந்துகிறவர் யாரென்று பிறர் அறியக் கூடாது என்பதால் முகம் மறைக்கப்படுகிறது. அன்றைய ஊர்வல அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வரிசைக்குக் குறுக்கே நடக்காதீர்கள். பெரிய வியாழன் இரவு முழுக்க நகரம் தூங்காது. நம்பிக்கையற்றவர்களும் அழுவதைப் பார்ப்பீர்கள்.

அதே நகரில் சற்றுப் பின்னால் வரும் ஏப்ரல் சந்தைக்கு ஆசையோடு போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். அங்குள்ள கூடாரங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சொந்தமானவை, அழைப்பில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உடன் வேலை செய்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அல்லது நகராட்சி வட்டாரங்கள் நடத்தும் பொதுக் கூடாரங்களுக்குப் போங்கள்.

வலென்சியாவின் ஃபாயாஸ் விழா மார்ச் 15 முதல் 19 வரை. ஆண்டு முழுக்கக் காசு சேர்த்துக் கட்டிய பிரம்மாண்டக் கேலி உருவங்களைக் கடைசி இரவில் கொளுத்திவிடுவார்கள். மார்ச் முதல் தேதியிலிருந்தே தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சித் திடலில் வெடி வெடிக்கும். அது கண்ணுக்கானதல்ல, காதுக்கும் நெஞ்சுக்குமானது. நெருங்கி நின்றால் வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

உள்ளே நுழைய மிக எளிதான விழா எது என்று கேட்டால் கத்தலோனியாவின் மனிதக் கோபுரங்களைச் சொல்வேன். எட்டு, ஒன்பது அடுக்கு உயரத்துக்கு ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்க, உச்சியில் ஒரு குழந்தை ஏறிக் கையை உயர்த்தும். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோபுரத்தைத் தாங்குவது அடியில் நெருக்கி நிற்கும் நூற்றுக்கணக்கானோர் கூட்டம். அதற்கு எப்போதும் ஆள் தேவை. வட்டாரக் குழுவின் மாலைப் பயிற்சிக்குப் போய் நின்றால், மொழி தெரியாவிட்டாலும், முன்னால் இருப்பவரின் முதுகில் உங்கள் கையை வைத்து நிறுத்திவிடுவார்கள். மூன்றே வாரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட முப்பது பேர் கிடைப்பார்கள்.

ஃபிளமெங்கோ தெற்கிலுள்ள ஆந்தலூசியாவின் கலை, அதை வளர்த்ததில் அங்குள்ள ரோமா (ஜிப்சி) மக்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆட்டம்தான் சுவரொட்டியில் இருக்கும். அறிந்தவர்கள் பாட்டுக்காகப் போகிறார்கள். இரவு உணவோடு விற்கப்படும் காட்சியைவிட, ரசிகர்களே நடத்தும் 'பேஞ்யா' என்ற சங்கங்களின் நிகழ்ச்சிகள் மேல். தாளம் பிடிபடும் வரை கைதட்டாமல் இருங்கள், அது வெறும் கைதட்டல் அல்ல, வாத்தியம். காளைச் சண்டையைப் பொறுத்தவரை நாடே பிளவுபட்டிருக்கிறது. கனரித் தீவுகள் 1991இலேயே தடுத்தன. கத்தலோனியா 2010இல் நிறைவேற்றிய தடையை அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் நீக்கியது. ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டுப் பேச ஆசை வரும். அரங்கில் காளை கொல்லப்படுகிறது என்பதை மறக்காமல் பேசுங்கள்.

ஏழாம் படி: டிசம்பர் 22 முதல் ஜனவரி 7 வரை

1812 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் லாட்டரியின் குலுக்கல் டிசம்பர் 22 காலையில். மாட்ரிட்டின் சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடியே அறிவிப்பார்கள். 20 யூரோ கொடுத்து வாங்கும் பத்தில் ஒரு பங்குச் சீட்டுக்கு முதல் பரிசு 400,000 யூரோ, வரிக்கு முன். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே எண்ணை வாங்குவார்கள்; விழுந்துவிட்டால் தான் மட்டும் விடுபடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். சூதாட்டம் பிடிக்காதவரும் இதை வாங்குகிறார். ஒரு சீட்டைப் பலர் பகிர்ந்தால் நகலெடுத்து, யார் யாருக்குப் பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் 31 நள்ளிரவில் மாட்ரிட்டின் புவெர்தா டெல் சோல் சதுக்கத்துக் கடிகாரத்தின் 12 மணியோசையில் ஓசைக்கு ஒன்று வீதம் 12 திராட்சை தின்ன வேண்டும். புதியவர்கள் வழுக்கும் இடம் இது: பன்னிரண்டுக்கு முன் கால்மணி ஓசைகள் நான்கு ஒலிக்கும். அப்போது வாயைத் திறக்கக் கூடாது. அவை ஓய்ந்து ஒரு கணம் கழித்துத் தொடங்குவதுதான் கணக்கு, மூன்று விநாடிக்கு ஒரு பழம். விதையில்லாததாக, சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் தோலுரித்து எண்ணிப் போட்ட டப்பாவே கிடைக்கிறது.

குழந்தைகளுக்குப் பரிசு மரபுப்படி கிறிஸ்துமஸில் அல்ல, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்கள் கொண்டுவரும் ஜனவரி 6 காலையில். முந்தின மாலை ஊருக்கு ஊர் அரசர்களின் பவனி வரும், மேலிருந்து மிட்டாய் வீசுவார்கள். அன்று வெட்டும் வளைய வடிவ ரொட்டிக்குள் ஒரு சிறு பொம்மையும் ஒரு காய்ந்த அவரை விதையும் ஒளிந்திருக்கும். பல்லைக் கவனமாக வையுங்கள். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம், விதை கிடைத்தவர் ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். மறுநாள், ஜனவரி 7, மரபாகத் தள்ளுபடி விற்பனை தொடங்கும் நாள். குளிர்கால மேலங்கியை அதுவரை வாங்காமல் சமாளிக்க முடிந்தால் பாதி விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.